ஸ்டென்ட் நன்றாகத்தான் இருந்தது: மாரடைப்பும் மனச்சோர்வும் சேர்ந்து வந்த ஒரு நிகழ்வு

அந்த அக்கா மஞ்சப்பையை என் மேஜை மேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள், கசங்கிய பில், ஒரு ரப்பர் பேண்ட். "நீங்களே எண்ணிப் பாருங்க டாக்டரம்மா. போட்டுக்கினேன் போட்டுக்கினேன்னு எங்கிட்ட பொய் சொல்லிக்கினு கீறாரு."

எண்ணினேன். 28 நாள் முன்பு வாங்கிய 30 குளோபிடோக்ரெல் மாத்திரைகளில், ரத்தம் உறையாமல் தடுப்பவை, 17 மீதி இருந்தன. இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைத்து ஒன்பதாவது வாரம். அந்த மாத்திரையை இஷ்டத்துக்கு விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். கணவர் பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பொய் வெளிப்பட்டுவிட்டதே என்ற கூச்சம்கூட முகத்தில் இல்லை. மாத்திரைக் கணக்கைவிட எனக்கு அதுதான் உறைத்தது.

இது அவரைப் பற்றிய குறிப்பு. அதற்கு முன் இரண்டு தடவை அவரைப் பார்த்தும் நான் கோட்டைவிட்டதைப் பற்றியதும்கூட. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 51. வீடு கொருக்குப்பேட்டை. இருபது வருடத்துக்கு மேல் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர், மணலி, மாதவரம் யார்டுகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே. எண்ணூர் விரைவுச் சாலையில் ஓரமாக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையை விளக்க வேண்டியதில்லை. தூக்கம் கேபினுக்குள், சாப்பாடு கிடைத்த நேரத்தில், நடுவில் சிகரெட். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். ஆறு வருடமாகச் சர்க்கரை. அப்பா அறுபதைத் தொடுமுன் "நெஞ்ச அடச்சி" போனவர்.

இதெல்லாம் எந்த மாரடைப்புக் கேஸ் ஷீட்டிலும் இருப்பதுதான். 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. நம் ஆள் அந்தக் கணக்கில் அச்சாகப் பொருந்துகிறார். அதே ஆய்வு மாரடைப்புக்குக் காட்டிய ஒன்பது காரணிகளில் மன அழுத்தம், மனச்சோர்வு போன்ற மன-சமூகக் காரணங்களும் ஒன்று. சிகரெட் எத்தனை, சர்க்கரை எவ்வளவு என்று குடைந்து கேட்கிற நாம் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு விடியற்காலை யார்டில் வண்டியை விட்டு இறங்கும்போது தாடை வலி, வியர்வை. வாயு என்று நினைத்து சோடா குடித்திருக்கிறார். கூட இருந்த கிளீனர் பையன்தான் விடாமல் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். இசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு. வலது இதயத் தமனியில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். இதயத்தின் பம்ப் திறன் 50 சதவீதம். நான்காம் நாள் வீடு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில், ஏற்கெனவே போட்டுவந்த மெட்ஃபார்மின். மருத்துவமனை செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் கோட்டைவிட்டது

மூன்றாம் வாரம் வந்தார். "அசதியா கீது டாக்டரம்மா. விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது." மெட்டோப்ரோலாலை 50-இலிருந்து 25 மில்லிகிராமாகக் குறைத்து அனுப்பினேன். மெட்டோப்ரோலால் போன்ற, நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து ஆளைச் சோர்வாக்கும், மனசையும் அழுத்தும் என்பது நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்திலிருந்து வாய்வழியாக வருகிற பாடம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் பார்த்தபோது, உடல் அசதி கொஞ்சம் கூடுகிறதே தவிர, மனச்சோர்வு கூடுவதாகத் தெரியவில்லை. படித்திருந்தேன். கை பழைய வழியிலேயே போனது.

ஆறாம் வாரம் நாலு கிலோ குறைந்திருந்தார். பசி இல்லை என்றார். சர்க்கரை நோயாளி, தொப்பை உள்ளவர், எடை குறைந்தால் டாக்டர் என்ன சொல்வாள்? "நல்லதுதான், இன்னும் கொஞ்சம் குறையட்டும்" என்றேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எக்கோ திரும்ப எடுக்கச் சொன்னேன், 52 சதவீதம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டும் சரி. "ஸ்டென்ட் நல்லா கீது, பயப்பட ஒண்ணுமில்லண்ணா" என்று அவர் பாஷையிலேயே சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் தலையாட்டினார். பயப்படுகிறேன் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு ஒன்பதாம் வாரம், மஞ்சப்பை.

அன்றைக்கு நெஞ்சு வலி பற்றிக் கேட்கவில்லை. "லீவு நாள்ல அண்ணன் என்னக்கா பண்ணுவாரு?" என்று கேட்டேன். "கேரம் கிளப்புதான். சோறு தண்ணி இல்லாம ஆடுவாரு." வடசென்னையில் கேரம் என்றால் சாயங்காலப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. தெருவுக்குத் தெரு கிளப், பந்தயம், கோப்பை, உலக சாம்பியன்கள் வரை வந்திருக்கிற ஆட்டம். எப்போது நிறுத்தினார் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு என்று பதில் வரும் என நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி செத்ததுலேர்ந்து. அவுங்க ரெண்டு பேரும்தான ஜோடி. ஸ்ட்ரைக்கர பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாரு."

தம்பி இறந்தது மாரடைப்புக்கு எட்டு மாதம் முன்பு.

பி.எச்.க்யூ-9 என்கிற ஒன்பது கேள்விப் பட்டியலை மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். 27-க்கு 17. ஓரளவு தீவிரமான மனச்சோர்வு. கடைசிக் கேள்வியைக் கேட்கப் பல டாக்டர்களுக்கு வாய் வராது, கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று. அப்படிக் கிளம்புவதில்லை. நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நானா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன். பொண்ணு கீது. மாத்திர போடலன்னா அதுவா நடக்கட்டும்னுதான்."

அந்த மாத்திரைகள் மறதியால் மீந்தவை இல்லை.

அன்றே மனநல மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். மாத்திரைகள் இனி மனைவி கையில். ராத்திரி எண்ணம் முற்றினால் கூப்பிட அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ இருவர் போனிலும் பதிந்துகொடுத்தேன். வெளியே வந்ததும் அந்த அக்கா குரலைத் தாழ்த்தி, "கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்புறீங்க?" என்றார். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். இல்லை, பக்கத்து அரசு மருத்துவமனையின் ஓ.பி.தான் என்றேன். கீழ்ப்பாக்கமாகவே இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

உடம்புக்குள் ஓடும் பாதைகள்

மனசு விட்டுப்போனது, மாத்திரை விட்டுப்போனது, இதயம் கெடுகிறது. இவ்வளவு எளிதாகவே இதை முடித்துவிடலாமா என்றால், முடியாது.

மான்ட்ரியாலில் மாரடைப்பு வந்த 222 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1993-இல் வெளியானது. மருத்துவமனையில் இருந்தபோதே மனச்சோர்வு இருந்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் இறக்கும் வாய்ப்பு, இதயத்தின் சேதத்தைக் கணக்கில் எடுத்த பிறகும், நான்கு மடங்குக்கு மேல். மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த அளவு மனச்சோர்வு வருகிறது. நல்ல இதயத்தோடு இருக்கும் மனச்சோர்வு நோயாளிகளுக்கும் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014-இல் மனச்சோர்வையும் மாரடைப்புக்குப் பிந்தைய ஆபத்துக் காரணிகளில் சேர்க்கச் சொன்னது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுடையது. நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் செரடோனின் என்றதும் எல்லோரும் மூளையை நினைக்கிறோம். உடம்பில் அது பெரும்பாலும் உருவாவது குடலில். ரத்தத்தில் உள்ளதைக் கிட்டத்தட்ட முழுவதும் சுமப்பவை தட்டணுக்கள். அவற்றுக்குச் சொந்தமாகச் செரடோனின் செய்யத் தெரியாது. சுற்றியிருக்கும் ரத்தநீரிலிருந்து ஒரு கடத்திப் புரதத்தால் உறிஞ்சிப் பதுக்கிக்கொள்ளும். மூளை நரம்பு தான் கொட்டிய செரடோனினைத் திரும்ப உறிஞ்சுவதும் அதே புரதத்தால்தான். எங்காவது குழாய்ச் சுவர் கீறினால் தட்டணு பதுக்கலை அவிழ்த்துக் கொட்டும், அக்கம்பக்கத்துத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டும். குழாயின் உட்சுவர் நன்றாக இருந்தால் செரடோனின் அதை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைத்து விரியச் செய்யும். கொழுப்புப் படிந்து உட்சுவர் கெட்ட இடத்தில் அதே செரடோனின் குழாயைச் சுருக்கும். மனச்சோர்வு உள்ளவர்களிடம் தட்டணுக்கள் சின்னத் தூண்டுதலுக்கே கிளர்ந்தெழுகின்றன என்பதைத் தொண்ணூறுகளிலிருந்து பல ஆய்வுக்கூடங்கள் பார்த்திருக்கின்றன. குழாய் விரியும் திறனும் அவர்களுக்குக் குறைவு. அப்படிப்பட்டவருக்குப் புதுசாக ஸ்டென்ட் வைத்து, அவரும் தட்டணுக்களை அடக்கும் குளோபிடோக்ரெலில் பாதியை விட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்த மஞ்சப்பையைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம்.

அடுத்தது மூன்று மணி முழிப்பு. கார்டிசால் ஹார்மோன் நடுராத்திரியில் அடிமட்டத்தில் இருந்து விடியலை ஒட்டி ஏறும். மூளையிலிருந்து அட்ரினல் சுரப்பிவரை போகும் அந்தச் சங்கிலிக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தீவிர மனச்சோர்வு உள்ள பலரிடம் அந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. கார்டிசால் தங்கிவிட்டால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். கூடவே நார்அட்ரினலின் எப்போதும் ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருக்கும், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி தளரும். வேகஸ் நரம்பு நன்றாக இருக்கிற இதயம் சீராக ஒரே தாளத்தில் துடிப்பதில்லை. மூச்சுக்கு மூச்சு, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். மனச்சோர்வில் இந்த மாறுபாடு சுருங்குகிறது. மாரடைப்புக்குப் பின் இது சுருங்கியவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது தனியாகவே நிறுவப்பட்ட விஷயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வில், மனச்சோர்வால் வரும் மரண ஆபத்தில் ஒரு பகுதிக்கு இது விளக்கம் தந்தது. முழுவதற்கும் இல்லை.

நம் ஆளின் நாடி அன்று 94, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. எடை குறைந்திருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது. வேகஸும் கார்டிசாலும்தான் காரணம் என்று எழுதிவிட ஆசையாக இருக்கும். ஆனால் மெட்டோப்ரோலால் அட்டையிலும் பாதி அப்படியே இருந்தது, மெட்ஃபார்மினிலும்தான். ஒரே ஒரு மனிதரை வைத்துக்கொண்டு உயிரியலை ஒரு பக்கமும் நடத்தையை மறுபக்கமும் பிரித்து வைக்க முடியாது. இதய நோயாளிகள் 1,017 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, உடல் உழைப்பு, புகை, மாத்திரை ஒழுங்கு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் மனச்சோர்வுக்கும் இதயத் தாக்குதலுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டதாகச் சொன்னது. "பார்த்தாயா, உயிரியல் எல்லாம் சும்மா" என்பதற்கு இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதம் கட்டிலிலேயே கிடந்தால் வேகஸும் தட்டணுவும் குழாயின் உட்சுவரும் அதையும்தானே வாங்கிக்கொள்கின்றன. நடக்காமல் இருப்பதும் உடம்புக்குள் போகிற ஒரு பாதைதான்.

அழற்சியைப் பற்றிச் சுருக்கமாக. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் இரண்டும் மனச்சோர்விலும் சற்று ஏறியிருக்கும், கொழுப்புப் படிவு வெடிக்கிற இதய நோயிலும் ஏறியிருக்கும். பாதை இருபக்கமும் திறந்தது. மாரடைப்பில் செத்த தசையால் கிளம்பும் அழற்சி மூளையை எட்டினால் செரடோனினுக்கு மூலப்பொருளான ட்ரிப்டோபானை வேறு பக்கம் திருப்பிவிடும். காய்ச்சல் வந்தவனுக்கு எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடக்கத் தோன்றுமே, கிட்டத்தட்ட அந்த நிலை. எதிர்ப்பக்கம் பார்த்தால், 293 பேரின் ஸ்கேனை வைத்து 2017-இல் வந்த ஆய்வு: மூளையில் அச்சத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா பகுதி அதிகம் இயங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் சுறுசுறுப்பாக இருந்தது, தமனிகளில் அழற்சி கூடியிருந்தது, பின்னால் இதயத் தாக்குதலும் அதிகம் வந்தது. ஆர்வக்கோளாறில் இவருக்கு சி-ரியாக்டிவ் புரதம் பார்த்தேன். 4.6. ஆனால் இவர் புகைப்பவர், சர்க்கரை உள்ளவர், கடைவாய்ப் பல் ஒன்றில் சீழ் வேறு. அந்த டெஸ்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

எந்த மாத்திரை

தூக்கம் வரவில்லை என்று சொல்பவருக்கு, பழைய வகை மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். மாரடைப்புக்குப் பிறகு அந்த வகை மாத்திரை வேண்டாம். இதயத்தின் மின்சாரப் பாதையில் கை வைக்கும். மனச்சோர்வுக்கான மற்ற மாத்திரைகளில் சிட்டலோப்ராம் இசிஜியில் க்யூ-டி இடைவெளியை நீட்டும், அது மிஞ்சினால் துடிப்பின் தாளம் தப்பும். ஃப்ளூவாக்ஸ்டினும் பராக்ஸ்டினும் மெட்டோப்ரோலால் உடலில் சிதைவதைத் தடுத்து நாடியை அளவுக்கு மீறி இறக்கலாம். ஃப்ளூவாக்ஸ்டின் போதாக்குறைக்கு, குளோபிடோக்ரெல் கல்லீரலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் குறைக்கும். மாரடைப்போ, மாரடைப்பின் விளிம்புவரை போன நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் செர்ட்ராலின் பாதுகாப்பானது என்று 2002-இலேயே காட்டியிருக்கிறார்கள். இசிஜி சரியாக இருந்தது. மனநல மருத்துவரும் நானும் பேசி 25 மில்லிகிராமில் தொடங்கி, பத்து நாளில் 50 ஆக்கினோம். கூடவே வயிற்றுக்குப் பான்டோப்ரசோல். ஒமேப்ரசோல் வேண்டாம் என்று சீட்டில் அடிக்கோடிட்டேன், அதுவும் குளோபிடோக்ரெல் வழியில் நிற்கிற மருந்து.

மனச்சோர்வைக் குணப்படுத்தினால் அடுத்த மாரடைப்பு வராது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. 2,481 பேரிடம் உளவியல் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் மனசு தெளிந்தது, மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. கொரியாவில் 300 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோப்ராமும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து எட்டு வருடம் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய இதயப் பாதிப்புகள் மருந்தில்லாத மாத்திரை போட்டவர்களில் 54 சதவீதம், எஸ்சிட்டலோப்ராம் போட்டவர்களில் 41. ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மனச்சோர்வே ஒரு நோய், அதற்காகவே அதற்கு வைத்தியம் பார்க்கலாம்.

மாத்திரையைவிட கஷ்டமானது அவரை வீட்டைவிட்டுக் கிளப்புவது. கேரம் ஆடுங்கள் என்று சொல்லவில்லை. கிளப் வாசல் வரை நடந்து போய்த் திரும்பி வாருங்கள், பத்து நிமிஷம், உள்ளே போக வேண்டாம் என்றேன். முதல் வாரம் இரண்டு நாள் போனார்.

கன்னிப்போன கை

செர்ட்ராலின் தொடங்கி ஐந்தாம் வாரம் முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்த தடத்தோடு வந்தார். எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். மலம் கறுப்பாகப் போகிறதா என்றேன், இல்லை. ஹீமோகுளோபின் முன்பு இருந்த மாதிரியே.

செர்ட்ராலின் அந்தக் கடத்திப் புரதத்தை மூளையில் மட்டும் பார்த்து அடைப்பதில்லை. தட்டணுவிலும் அடைக்கிறது. சில வாரத்தில் தட்டணுக்களின் செரடோனின் பதுக்கல் காலியாகிறது. உறையும் புத்தி குறைகிறது, அது ஸ்டென்டுக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு சேர்ந்தால் ரத்தம் கசியும். அது நான் எதிர்பார்த்ததுதான். இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை.

"வேற ஏதாவது மாத்திர போட்டீங்களாண்ணா?"

"இல்லியே." கொஞ்சம் யோசித்து, "தோள் வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்தார். டைக்ளோஃபெனாக். நாலு நாளாகத் தினம் இரண்டு. இதய நோயாளிக்கே ஆகாத மாத்திரை, அதுவும் இந்த மூன்றோடு. நிறுத்தி, பாராசிட்டமால் கொடுத்தேன். பத்து நாளில் தடம் மஞ்சளாகி மறைந்தது. தோள் ஏன் வலிக்கிறது என்று நான் கேட்காமலே அந்த அக்கா சொன்னார்: "கிளப்புக்குள்ள பூந்துட்டாரு. ரெண்டு நாளா ஆடறாரு. ஒரு வருஷமா கை வெக்காத கை, வலிக்காம இன்னா பண்ணும்?"

பன்னிரண்டாம் வாரம்

பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 6. ஒன்பதாம் கேள்விக்குப் பூஜ்யம். நாடி 68, இந்த முறை மெட்டோப்ரோலாலை விடாமல் போட்டுக்கொண்டு. எச்பிஏ1சி 7.6. எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது, இந்தத் தடவை அதை நான் திட்டவில்லை. டிரெய்லரில் திரும்ப ஏற்ற முதலாளி ஒப்பவில்லை. யார்டில் கேட் என்ட்ரி எழுதுகிற வேலை, சம்பளம் பாதிதான். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. மனச்சோர்வு இல்லாமலேயே இறங்க வேண்டிய குரல் அது என்று விட்டுவிட்டேன். சிகரெட் நாளைக்கு மூன்றுக்கு வந்திருக்கிறது, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

மஞ்சப்பையை இந்த முறை அவரே நீட்டினார். குளோபிடோக்ரெல் எண்ணினேன், இரண்டு கூடுதல். பிரஷர் பட்டையைச் சுற்றக் கையை நீட்டச் சொன்னபோது வலது ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாகக் கேரம் மாவு ஒட்டியிருந்தது.

"மனசு மாத்திரய எப்ப நிறுத்தலாம் டாக்டரம்மா?"

நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம், அப்புறம் மெதுவாகக் குறைத்துத்தான், நடுவில் நீங்களாக விடக்கூடாது என்றேன். தலையாட்டினார். பழைய தலையாட்டல் ஞாபகம் வந்ததால், சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பிறகு மனைவியைக் காட்டி, "எல்லாத்தையும் பீரோவுல வெச்சிப் பூட்டிக்கினு தினம் எண்ணித்தான் குடுக்குது" என்றார்.

"ஸ்ட்ரைக்கர் இருந்த அதே பீரோவா?"

"அதேதான். அத நான் எடுத்துக்கினேன்."